கல்லுக்கு அந்தப் பக்கம்

என் மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம், போய்வந்த துறைமுகங்களின் நோட்டுகளில் இரண்டு மூன்றை எனக்கென்று எடுத்து வைத்துத் தருவார். அதில் ஒன்று இந்தோனேசியாவின் 1000 ரூபியா. 1992-இல் வெளியான நோட்டு. முன்பக்கம் தோபா ஏரி. பின்பக்கம் ஒரு ஆள், தன் தலைக்கு மேல் உயரமுள்ள கல் மேடு ஒன்றைத் தாண்டியபடி அந்தரத்தில் இருக்கிறான். "இவன் ஏன் மாமா தாண்டுறான்? அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன். "ஏதோ தீவுடா மாப்ளே, அங்க அப்படித்தான் தாண்டுவாங்களாம்" என்றார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அந்த நோட்டு பல வருடம் என் ஆல்பத்தில் இருந்தது. வேலை விஷயமாக சுமத்ராவிலுள்ள மேடான் நகருக்குப் போக வேண்டி வந்தபோது முதலில் ஞாபகம் வந்தது அதுதான். வேலை முடிந்ததும் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, அந்தக் கல் இருக்கும் நியாஸ் தீவுக்குக் கிளம்பினேன்.

மேடானிலிருந்து விமானத்தில் போனால் ஒரு மணி நேரம். நான் பஸ்ஸில் சிபோல்கா போய், அங்கிருந்து இரவுக் கப்பல் பிடித்தேன். சுற்றுவழிதான். ஆனால் சிபோல்காவுக்கு வடக்கே அதே கரையில் பாருஸ் இருக்கிறது. கற்பூரத்துக்குப் பெயர்போன பழைய துறைமுகம். அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டி வைத்தது. ஊரின் பெயரை 'வரோசு' என்று குறிக்கிறது. கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதால் பாருஸில் இறங்கிப் பார்க்க எனக்கு வேலையில்லை. இருந்தாலும், கற்பூரத்துக்காக நம் ஆட்கள் வந்து காத்துக்கிடந்த அந்தக் கரையிலிருந்தே கடலுக்குள் போக வேண்டும் என்று ஒரு ஆசை. அந்தக் கரைக்குத் தென்மேற்கே, சுமத்ராவிலிருந்து 125 கிலோமீட்டர் அளவு தள்ளி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது நியாஸ்.

அந்தத் தீவைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று கி.பி. 851-ஐச் சேர்ந்த அரபு வணிகர்களின் பயணக் குறிப்பில் இருக்கிறது. 'நியான்' என்று ஒரு தீவு, அங்கே பொன் நிறைய, எதிரி ஒருவனுடைய தலையைக் கொண்டுவந்தால்தான் ஒருவனுக்குக் கல்யாணம் என்கிறது அது. நியான் என்பது நியாஸ்தான் என்று பலரும் கொள்கிறார்கள். கப்பலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வந்தவர்களோ கோழிக்குஞ்சுப் பெட்டிகளையும் சிமென்ட் மூட்டைகளையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

காலையில் குனுங்சிதோலி, தீவின் பெரிய ஊர். அங்கிருந்து தெற்கே தெலுக் தாலாம் வரை காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். தென்னை, ரப்பர், சர்ச், மறுபடியும் தென்னை. தீவில் பெரும்பாலானவர்கள் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். 1865-இல் டென்னிங்கர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் குனுங்சிதோலியில் வந்து இறங்கியதில் ஆரம்பித்த கதை அது.

நான் போக நினைத்த ஊர் பவோமதாலுவோ. பெயருக்குச் சூரிய மலை என்று அர்த்தம். கீழே வண்டியை நிறுத்திவிட்டுக் கல்படிகளில் ஏற வேண்டும். எண்பதுக்கு மேல் படிகள். ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், கல் பாவிய நீளமான பெருந்தெரு. இரண்டு பக்கமும் ஒன்றோடு ஒன்று தோள் ஒட்டி நிற்கும் மரவீடுகள். நடுவில் ஓமோ செபுவா, அதாவது பெரிய வீடு, அரசர் வீடு. இருபது மீட்டருக்கு மேல் உயரம். அதற்கு முன்னால் கல் இருக்கைகள், செதுக்கிய கல் பலகைகள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் "யாஅஹோவு" என்றார்கள். நலமாக இரு, ஆசி உண்டாகட்டும் என்பது போன்ற வாழ்த்து. பதிலுக்கும் அதே சொல்தான்.

நான் தங்கியது அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில். வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நியாஸில் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரோடு 'ஆமா' சேர்த்து, இன்னாருடைய அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு 'இனா'. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இங்கே அவரை ஆமா என்றே எழுதுகிறேன். இளம் வயதில் அவரும் கல் தாண்டியவர்.

சரி, அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

நோட்டில் பார்த்தபோது ஒற்றைக் கல் என்று நினைத்திருந்தேன். இல்லை. கல் மேல் கல் அடுக்கி, பூசி, மேலே போகப்போகக் குறுகும் ஒரு கட்டுமானம். இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் உயரம், நம் கணக்கில் ஏழடி. ஒரு முழத்துக்கு மேல் தடிமன். உச்சி தட்டை. அதற்கு முன்னால் தரையில் ஒரு சின்னக் கல், முழங்காலுக்கும் கீழே. ஓடி வருபவன் காலை ஊன்றி எழும்புவது அந்தச் சின்னக் கல்லில்தான். பெரிய கல்லைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். நான் உட்கார்ந்து சின்னக் கல்லைத் தடவிப் பார்த்தேன். ஓரங்கள் சொரசொரப்பு. நடுவில் மட்டும், ஒரு பாதம் பதியும் அகலத்துக்கு, அம்மிக்கல் போல வழவழவென்று தேய்ந்திருந்தது.

சின்ன வயசுக் கேள்வி ஒன்று பாக்கி இருந்ததே. பெரிய கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு பாயில் கொக்கோ விதை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் அந்தப் பக்கம் இருந்தது எதிரி ஊர். தெற்கு நியாஸின் பழைய ஊர்கள் எல்லாம் குன்றுகளின் மேல்தான் கட்டப்பட்டன. சுற்றிலும் மதில், மூங்கில் வேலி. ஊருக்கும் ஊருக்கும் ஓயாத சண்டை. தலை கொய்வதற்காக ஒரு சண்டை, அடிமை பிடிப்பதற்காக ஒரு சண்டை. அரசர் செத்தாலும் தலை வேண்டும், அரசருக்குப் பெரிய வீடு கட்டினாலும் தலை வேண்டும். அச்சேவிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்த வியாபாரிகள் ஆட்களை வாங்கிப் போனார்கள். இரவில் எதிரி ஊர் மதிலைத் தாண்டி உள்ளே குதிக்கவும், காரியம் முடிந்ததும் மறுபடி தாண்டி வெளியே வரவும் தெரிந்தவன்தான் போருக்கு லாயக்கு. அதற்கான பயிற்சிதான் ஃபஹோம்போ. கல் உச்சியில் கூர்சீவிய மூங்கில் முனைகளைச் செருகி வைத்துத் தாண்டச் சொன்னதும் உண்டு என்கிறார்கள். கல்லைத் தாண்டிவிட்ட பையன் அன்றையிலிருந்து ஆண்பிள்ளை. போருக்குப் போகலாம், பெண் கேட்கலாம். அப்பா பன்றி அறுத்து ஊருக்கு விருந்து போடுவார். தீவு முழுக்க இந்த வழக்கம் கிடையாது. தெற்கில், தெலுக் தாலாம் பக்கத்து ஊர்களில்தான்.

பவோமதாலுவோவே ஒரு தோல்வியிலிருந்து பிறந்த ஊர். கீழே ஓராஹிலி என்ற பழைய ஊர் இருந்தது. டச்சுக்காரர்கள் பல தடவை படையெடுத்து வந்து, கடைசியில் 1863-இல் அதை எரித்தார்கள். எரிந்த ஊரின் மக்கள் மேலே ஏறி வந்து இந்தக் குன்றில் குடியேறினார்கள். நான் ஏறி வந்த படிகள், நடந்த தெரு, பார்த்த அரசர் வீடு எல்லாம் அதற்குப் பின் எழுந்தவை. வீடு இழந்த ஜனங்கள் கட்டிய ஊர் என்று தெரிந்தபிறகு அந்தப் படிகளை நான் பார்த்த பார்வையே மாறிப்போனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவு முழுவதும் டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. தலை கொய்வது நின்றது. அடிமை வியாபாரம் நின்றது. 1916-இல் தொடங்கி ஒரு பெரிய மனந்திரும்பல் அலை தீவை அடித்துக்கொண்டு போனது. 'அது' என்று அவர்கள் சொல்லும் முன்னோர் மரச்சிலைகளில் பல நெருப்புக்குப் போயின, பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. சண்டைக்கும் பழைய வழிபாட்டுக்கும் சேர்ந்திருந்த அத்தனையும் போனபோது, இந்தக் கல் மட்டும் எப்படித் தப்பியது? தாண்ட வேண்டிய மதிலே இல்லாமல் போனபின் யாருக்காகத் தாண்டினார்கள்?

ஆமாவிடம் இதைக் கேட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்து, கூரையில் பலகணிபோல் தூக்கி நிறுத்திய மடிப்பு வழியாகத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. தன் அப்பா தாண்டியவர், தாத்தாவும் தாண்டியவர் என்றார். தாண்டியவன் வம்சத்தில் யாராவது ஒருவனுக்கு அது வரும் என்று இங்கே நம்பிக்கை. எல்லாருக்கும் வராது. எத்தனை வருடம் பழகினாலும் சிலருக்கு வராமலே போய்விடும். "எனக்கு ஒரு அண்ணன். என்னைவிட உயரம், என்னைவிட வேகம். கல்லுக்கு முன்னால் வந்ததும் அவன் கால் நின்றுவிடும். கடைசிவரைக்கும் தாண்டவில்லை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான் தாண்டிய அன்றைக்குப் பன்றியைப் பிடித்துக் கட்டியது அவன்தான்" என்றார்.

என் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. போர் போய்விட்டது, ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு இருந்தது. தாண்டியவன், தாண்டாதவன் என்ற கணக்கு. அதைப் பாதிரியாராலும் எடுக்க முடியவில்லை, டச்சுக்காரராலும் எடுக்க முடியவில்லை.

வெளியாட்கள் வந்து பார்ப்பது பிறகு நடந்தது. 1975-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சில அலைச்சறுக்கு இளைஞர்கள் லகுந்திரி விரிகுடாவைக் கண்டுபிடித்தார்கள். பவோமதாலுவோவுக்குக் கீழே, கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அது. அலைக்காக வந்தவர்கள் ஓய்வு நாளில் மலையேறினார்கள். உல்லாசக் கப்பல்கள் வந்தன. 1992-இல் நோட்டில் படம் வந்தது. இந்தோனேசியா முழுக்க ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இந்தக் கல் போய்ச் சேர்ந்தது. 2009-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஊரின் பெயர் ஏறியது. இப்போது நியாஸ் என்று சொன்னாலே கல் தாண்டுதல்தான். பணம் கொடுத்தால் தாண்டிக் காட்டுவார்கள்.

நானும் பணம் கொடுத்துத்தான் பார்த்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாண்ட வந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கலந்த மேலங்கி, தலையில் பட்டை, வெறுங்கால். கல்லிலிருந்து கிட்டத்தட்ட இருபது மீட்டர் பின்னால் போய் நின்றான். வலது உள்ளங்காலை இடது கெண்டைக்காலில் இரண்டு தடவை தேய்த்துத் துடைத்துக்கொண்டான். கல்லைப் பார்த்தான். பிறகு ஓடத் தொடங்கினான். முதல் நாலைந்து எட்டு சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வெறும் பாதம் கல் தரையில் அறைகிற சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. சின்னக் கல்லில் ஒரே ஒரு கால். அடுத்த கணம் ஆள் மேலே. ஒரு முழங்கால் மார்போடு ஒட்டி மடங்க, மற்றக் கால் பின்னால் நீண்டு கிடக்க, உடம்பு ஏறக்குறையப் படுத்த நிலையில் கல்லின் உச்சியைக் கடந்தது. அந்தக் கல்லில் எந்த இடத்திலும் உடம்பு படக்கூடாது, பட்டால் அது கணக்கில்லை. கடக்கும்போதே இடுப்பைத் திருப்பினான். அந்தப் பக்கம் இறங்கியபோது அவன் முகம் கல்லை நோக்கி, எங்களை நோக்கி இருந்தது.

நான் செல்போனைத் தூக்க மறந்துவிட்டேன். நோட்டில் பார்த்தது நின்றுபோன ஒரு கணம். அதற்கு முன்னால் இருக்கும் அந்த ஓட்டத்தின் சத்தம் நோட்டில் இல்லை.

என்னோடு ஒரு சுற்றுலாக் குழுவும் நின்றிருந்தது. அவர்களில் ஒருவர் தன் வீடியோ சரியாக விழவில்லை, இன்னொரு தடவை தாண்டச் சொல்லுங்கள் என்றார். பையன் தாண்டினான். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். மூன்றாவது தடவை. அந்தத் தடவை இறங்கும்போது அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை ஊன்றினான். எழுந்து சிரித்தான். ஆனால் உள்ளங்கை சிராய்ந்து ரத்தம் தெரிந்தது. நாலாவதாக யாரோ வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து ஆமாவின் குரல் வந்தது. "போதும்." ஒரே சொல். குழுவின் வழிகாட்டி பணத்தை எண்ணிக் கொடுத்தார். எல்லாரும் நினைவுப்பொருள் கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

எனக்கு அன்று மதியம் முழுக்க மனசு சரியில்லை. பசிபிக்கில் வனுவாட்டு என்ற நாடு இருக்கிறது. அங்கே பெந்தெகொஸ்தே தீவில் கொடிகளைக் காலில் கட்டிக்கொண்டு மரக் கோபுரத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். வள்ளிக்கிழங்கு அறுவடையை ஒட்டிய சடங்கு. கொடியில் ஈரமும் நெகிழ்வும் இருக்கும் பருவத்தில்தான் குதிக்க வேண்டும். 1974-இல் எலிசபெத் மகாராணி வருகைக்காகப் பருவம் தவறிக் குதித்தார்கள். கொடியில் நெகிழ்வு போதவில்லை. ஒருவர் இறந்துபோனார். விருந்தாளிக்காகச் செய்யும்போது 'போதும்', 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. பவோமதாலுவோவில் அன்றைக்கு அது ஆமாவிடம் இருந்தது. அவர் திண்ணையில் இல்லாத நாளில்?

இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இதெல்லாம் இப்போது வெறும் காட்சிப்பொருள், அசல் செத்துவிட்டது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்சிக்காகப் போர் நடனம் ஆடலாம், ஈட்டியை வீசுவது போலக் காட்டலாம். ஏழடிக் கல்லைத் தாண்டுவது போலக் காட்ட முடியாது. தாண்டினால் தாண்டியதுதான். தவறினால் கை கால் முறிவதும் நிஜம்தான். எதிரில் நிற்பது எதிரி ஊர் மதிலா, போன் பிடித்த கூட்டமா என்பதால் அந்தக் கல்லின் உயரம் ஒரு விரல்கூடக் குறைவதில்லை. அந்தப் பையன் வாங்கிய பணம் கூலி. அவன் தாத்தாவின் காலத்தில் கிடைத்தது பெண். அதற்கும் முந்திய காலத்தில் தலையும் அடிமையும். மூன்றில் எது அசல் என்று கேட்டால், ரத்தம் சிந்திய காலத்தை அசல் என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

என்னை உறுத்துவது வேறு. ஆமாவின் வீட்டில் ஒரு பக்கக் கூரை தகரம். முன்பு முழுக்கச் சாகோ ஓலைதான் இருந்ததாம். ஓலை வேய்ந்தால் சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், ஆள் கிடைப்பதில்லை, செலவு தாங்காது. தூண் உளுத்துப்போனால் மாற்ற அவ்வளவு பருமனான மரம் இப்போது சுற்றுவட்டாரக் காட்டில் கிடைப்பதில்லை. பையன்கள் பள்ளி முடித்ததும் மேடானுக்கும் பாத்தாமுக்கும் போய்விடுகிறார்கள்.

அந்த வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 2005 மார்ச் 28 இரவு பதினோரு மணிக்கு மேல், ஊர் தூங்கும் நேரம், நியாஸில் நிலநடுக்கம். அளவு 8.6. சுனாமி வந்து அப்போதுதான் மூன்று மாதம் ஆகியிருந்தது. தீவில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். குனுங்சிதோலியில் கான்கிரீட் கட்டடங்கள் மாடி மாடியாக ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்துவிட்டன. மேற்குக் கரையில் சில இடங்களில் நிலம் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளப்பாறை கடலுக்கு வெளியே வந்து காய்ந்தது. பவோமதாலுவோவின் மரவீடுகளில் பெரும்பாலானவை ஆடிவிட்டு அப்படியே நின்றன. காரணம் அடியில் இருக்கிறது. ஆமா என்னைக் குனிந்து வீட்டுக்கு அடியில் வரச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். தூண் எதுவும் மண்ணில் புதைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தட்டைக் கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நேர்த்தூண்களுக்கு நடுவே சாய்வாகப் பெரிய மரங்கள், ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தபடி. ஆணி கிடையாது, எல்லாம் பொருத்துத்தான். பூமி ஆடினால் வீடு முழுசாக ஒரு கூடை போல ஆடும். "அன்றைக்கு ராத்திரி இந்தத் தூண் கல்லின் மேல் இவ்வளவு நகர்ந்தது" என்று நாலு விரல் காட்டினார்.

இதே நிலத்தட்டு விளிம்பில் 1861-இலும் ஒரு பெரிய நிலநடுக்கம். கடல் பொங்கி லகுந்திரியில் இருந்த டச்சுக் கோட்டையை அழித்தது. அடுத்த இரண்டு வருடத்தில்தான் ஓராஹிலி எரிந்தது, இந்த ஊர் எழுந்தது. நடுங்கும் பூமியை அறிந்தவர்கள் கட்டிய வீடுகள் இவை. கல் தாண்டுவதைப் பார்க்க வருகிறவர்கள் பத்தில் ஒருவராவது குனிந்து இந்தத் தூண்களைப் பார்த்தால், பார்த்துவிட்டு ஒரு இரவு தங்கினால், தகரத்துக்குப் பதில் ஓலை வேய வீட்டுக்காரருக்கு ஒரு வழி பிறக்கும். ஒரு மணி நேரம் வந்து, மூன்று தாண்டல் வீடியோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போனால் அது நடக்காது.

கடைசி நாள் சாயங்காலம் குழுக்கள் எல்லாம் போய்விட்டன. தெருவில் துணி காய்ந்தது. ஒரு பாட்டி கொக்கோ விதையைக் கூடையில் அள்ளினார். கல் பக்கம் ஏழெட்டுச் சிறுவர்கள் கூடியிருந்தார்கள். பெரிய கல்லிடம் யாரும் போகவில்லை. சற்றுத் தள்ளி, இரண்டு பையன்கள் ஒரு கயிற்றை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் வரிசையாக ஓடி வந்து தாண்டினார்கள். முன்னால் ஊன்றுவதற்கு ஒரு செங்கல் அளவுக் கல். தாண்டியவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். கயிறு ஒரு சாண் உயர்ந்தது.

அதில் ஒருவனுக்கு ஒன்பது வயதுகூட இருக்காது. ஓடி வருவான், கயிற்றுக்கு ஒரு எட்டு முன்னால் சட்டென்று பக்கவாட்டில் விலகிவிடுவான். மறுபடி பின்னால் போவான். மறுபடி ஓடி வந்து விலகுவான். நாலு தடவை அப்படி ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. ஒதுங்கிப் போ என்றும் சொல்லவில்லை. வரிசை அவனுக்காக நின்றது. ஆமா திண்ணையில் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளைக்கு முன்னால் எங்களுக்காக மூன்று தடவை தாண்டிய பையன் ஒரு பழைய ஃபுட்பால் ஜெர்சியில், உள்ளங்கையில் பிளாஸ்திரியோடு அந்தப் பக்கமாக வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். கயிற்றைத் தாழ்த்தச் சொல்லவில்லை. குனிந்து, ஊன்றும் கல்லை மட்டும் ஒரு கையளவு பின்னால் நகர்த்தி வைத்தான். சிறுவனின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். அவனைப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்தி, தான் தேய்த்துக்கொள்வது போலவே உள்ளங்காலைக் கெண்டைக்காலில் தேய்க்கச் சொல்லிக் காட்டினான்.

சிறுவன் தேய்த்துக்கொண்டான். ஓடி வந்தான். பாதம் அறைகிற அந்தச் சத்தம், சின்ன அளவில். கயிறு அசையவே இல்லை. அந்தப் பக்கம் குப்புற விழுந்து, எழுந்து, திரும்பி, தான் தாண்டி வந்த இடத்தைப் பார்த்தான். ஆமா மறுபடி வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த பையன் ஓடத் தொடங்கியிருந்தான்.